120 தோல்வி அவமானமா?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி 2024-இல் 121 ஆட்டங்களில் தோற்றது. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120-ஐத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்தது. அந்த 1962 மெட்ஸ் ஆட்டக்காரர்களின் பெயர்களை ரசிகர்கள் இன்றைக்கும் வரிசையாக ஒப்பிக்கிறார்களாம், கோப்பை வென்ற 1969 அணியின் பெயர்களைச் சொல்வது போலவே. தோற்றவர்களைக் கொண்டாடுவது என்ன ரசனை? சிறந்த அணி எது, மோசமான அணி எது என்று பழைய பெயர்களை அடுக்கிக்கொண்டிருப்பது வெட்டி வேலை இல்லையா?

பதில்: இல்லை. உங்கள் கேள்வியிலேயே ஒரு பிசகு இருக்கிறது. அதிகம் தோற்றதுதான் மோசமான அணி என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். மெட்ஸ் ரசிகர்கள் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. அவர்கள் கணக்குதான் சரி என்பது என் கட்சி.

1962-க்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். நியூயார்க்கில் மூன்று அணிகள் இருந்தன. 1957 சீசன் முடிந்ததும் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்கும், ஜயன்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கும் மூட்டை கட்டிவிட்டன. மிச்சம் இருந்தது யாங்கீஸ் மட்டும். அப்பா காலத்திலிருந்து டாட்ஜர்ஸ் டாட்ஜர்ஸ் என்று இருந்தவன் யாங்கீஸ் பக்கம் சாய்வானா? மாட்டான். நாலு சீசன் அணி இல்லாமலே இருந்தார்கள். அப்புறம் வந்ததுதான் மெட்ஸ். உடையில் டாட்ஜர்ஸின் நீலம், ஜயன்ட்ஸின் ஆரஞ்சு. முதல் இரண்டு வருஷம் ஆடியது ஜயன்ட்ஸ் விட்டுவிட்டுப் போன போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில்.

பெயர்களை வரிசையாக ஒப்பிப்பது வெட்டி வேலை என்கிறீர்கள். பேஸ்பாலில் ஆட்டம் தொடங்கும் முன் மேனேஜர், அதாவது அணியை நடத்துபவர், ஒரு அட்டையில் ஒன்பது பெயர்களை, பேட் பிடிக்கும் வரிசையிலேயே எழுதி அம்பயரிடம் கொடுப்பார். அதுதான் லைன்-அப். ஆட்டம் முடியும்வரை அந்த வரிசை மாறாது. ஒருவரை வெளியே எடுத்தால் எடுத்ததுதான், அன்றைக்கு அவர் திரும்ப வர முடியாது. ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை அநேகமாகத் தினமும் ஆட்டம், சீசனுக்கு 162. ஆறு மாதம் தினமும் அந்த ஒன்பது பெயர்கள் காதில் விழுந்தால் வாய்ப்பாடு மாதிரி மனதில் உட்கார்ந்துவிடாதா? அதுவும் மெட்ஸுக்கு லிண்ட்சே நெல்சன், பாப் மர்ஃபி, ரால்ஃப் கைனர் என்று அதே மூன்று பேர் 1962-லிருந்து 1978 வரை 17 சீசன் வர்ணனை செய்தார்கள். அந்தப் பெயர்களோடு அந்தக் குரல்களும் சேர்ந்தே நினைவில் இருக்கின்றன.

1962 ஏப்ரல் 11, செயின்ட் லூயிஸில் முதல் ஆட்டம். அன்றைய வரிசை: ஆஷ்பர்ன், மான்டியா, நீல், தாமஸ், பெல், ஹாட்ஜஸ், ஜிம்மர், லாண்ட்ரித், பந்து வீசுவதற்கு க்ரெய்க். இதில் நீல், ஹாட்ஜஸ், ஜிம்மர், க்ரெய்க் நாலு பேரும் ப்ரூக்ளினில் ஆடியவர்கள். ஊரைவிட்டுப் போன அணியின் நாலு பெயர் திரும்பவும் ரேடியோவில் ஒலிக்கிறது! ஆட்டம் 11-4 என்று போனது. அந்த ரசிகனுக்கு அன்றைக்கு எது பெரிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

முதல் ஒன்பது ஆட்டமும் தோல்வி. ஜிம்மர் 52 முறை பேட் பிடித்து நாலே நாலு ஹிட் அடித்தார், மே மாதமே அவரை சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். வெற்றி தோல்வியைப் பந்து வீசியவர் பெயரிலும் எழுதுவார்கள். அந்தக் கணக்கில் க்ரெய்க் 10 ஆட்டம் ஜெயித்து 24 தோற்றார். 24 தோற்பதற்கு ஒரு பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், நல்லவராக இருக்க வேண்டும். உதவாதவனை யாரும் அத்தனை முறை பந்து வீச அனுப்பமாட்டார்கள்.

ஜூன் 17-ஆம் தேதி நடந்ததைச் சொல்லாமல் இந்த அணியைப் பற்றிப் பேச முடியாது. எதிரணி சிகாகோ கப்ஸ். மார்வ் த்ரோன்பெரி பந்தை நெடுந்தூரம் அடித்துவிட்டு, மூச்சிரைக்க ஓடி மூன்றாவது பேஸில் போய் நின்றார். பேஸ் என்பது அடித்தவர் ஓடும்போது ஒவ்வொன்றாக மிதித்தாக வேண்டிய இடம். முதல் பேஸை மிதிக்கவில்லை என்று கப்ஸ் முறையிட, அம்பயர் அவுட் கொடுத்தார். மேனேஜர் கேஸி ஸ்டெங்கல் சண்டை போடக் கிளம்பினார். எழுபதைத் தாண்டிய மனிதர், யாங்கீஸுக்கு ஏழு உலகக் கோப்பை (வேர்ல்ட் சீரிஸ் என்ற அமெரிக்க பேஸ்பாலின் வருடாந்தர இறுதிப் போட்டி) வாங்கிக்கொடுத்தவர். பாதி வழியில் அவருடைய ஆளே மறித்து, 'விடுங்கள், அவன் இரண்டாவது பேஸையும் மிதிக்கவில்லை' என்றார். த்ரோன்பெரியின் முழுப்பெயர் மார்வின் யூஜீன் த்ரோன்பெரி. ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'மெட்' என்றே வரும். மைதானத்துக்கு வந்தவர்கள் அவரைத் தங்கள் பிள்ளை போலக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். 40 வெற்றி, 120 தோல்வி கண்ட அந்த வருஷம் அந்தப் பழைய மைதானத்துக்கு வந்தவர்கள் 9 லட்சத்து 22 ஆயிரம் பேர். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 1969. ஏழு வருஷம் கழித்து மேனேஜர் யார் தெரியுமா? அதே கில் ஹாட்ஜஸ், முதல் வரிசையில் ஆறாவது பெயர். அந்த வருஷத்துக்கு ஒரு லைன்-அப் இல்லை, இரண்டு உண்டு. எதிரணி பிட்ச்சர் இடது கைக்காரர் என்றால் க்ளென்டனன், ஸ்வோபோடா, சார்ல்ஸ், வெய்ஸ் இறங்குவார்கள். வலது கைக்காரர் என்றால் க்ரேன்பூல், ஷாம்ஸ்கி, காரெட், பாஸ்வெல். ஏகி, ஜோன்ஸ், ஹாரெல்சன், க்ரோட் நாலு பேரும் இரண்டிலும் இருப்பார்கள். எதிர்க் கையிலிருந்து வரும் பந்தைப் பார்த்து அடிப்பது சுலபம் என்பதால் இந்த ஏற்பாடு. ஊருக்கே தெரிந்த யுக்திதான். ஆனால் உலகக் கோப்பையிலும் அதைக் கைவிடாமல் பிடித்துக்கொண்ட துணிச்சல் ஹாட்ஜஸுடையது. பழைய ரசிகர் ஒருவர் இரண்டு வரிசையையும் பிசகாமல் சொன்னால், அவர் பட்டியல் ஒப்பிக்கவில்லை. ஹாட்ஜஸ் எப்படி யோசித்தார் என்று சொல்கிறார்.

அந்த வருஷம் ஜூலை 30. எதிரணி ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அடி பின்னிக்கொண்டிருந்தது. இடது வெளிக்களத்தில் க்ளியோன் ஜோன்ஸ், அணியிலேயே நன்றாக அடித்துக்கொண்டிருந்தவர், ஒரு பந்தை மெதுவாகப் போய் எடுத்து எறிந்தார். ஹாட்ஜஸ் எழுந்து வந்தார். பிட்ச்சரைக் கடந்தார், ஷார்ட் ஸ்டாப் இடத்தில் நின்ற ஆட்டக்காரரைக் கடந்தார், அவசரமே இல்லாமல் நடந்து ஜோன்ஸ் நின்ற இடத்துக்கே போனார். ரெண்டு வார்த்தை பேசினார். திரும்பி நடந்தார், ஜோன்ஸும் தலையைக் குனிந்தபடி பின்னாலேயே வெளியே வந்தார். ஆகஸ்ட் நடுவில் கப்ஸைவிட 10 ஆட்டம் பின்தங்கி இருந்த அணி, சீசனை 100 வெற்றியோடு முடித்தது. உலகக் கோப்பையில் 109 ஆட்டம் ஜெயித்து வந்த பால்டிமோர் ஓரியோல்ஸை 4-1 என்று சாய்த்தது. கடைசி பந்தை இடது வெளிக்களத்தில் பிடித்து முழங்கால் மடங்கியவர் அதே ஜோன்ஸ். அந்தப் பந்தை அடித்தவர் டேவி ஜான்சன். 1986-இல் மெட்ஸ் 108 ஆட்டம் ஜெயித்து மறுபடி கோப்பை வாங்கியபோது மேனேஜராக இருந்தவரும் அவரே. பலத்தை வைத்துப் பார்த்தால் 1986 அணிதான் பெரிது. ஆனாலும் எனக்கு 1969தான்.

இப்போது மோசமான அணிக்கு வருவோம். 1969-ஐத் தூக்கி நிறுத்திய பிட்ச்சர் டாம் சீவர், அந்த வருஷம் மட்டும் 25 வெற்றி. 1977 ஜூன் 15-ஆம் தேதி, சம்பளத் தகராறில் அவரை சின்சினாட்டிக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிரவே பந்தை நெடுந்தூரம் அடிக்கும் டேவ் கிங்மேனையும் வேறொரு அணிக்கு அனுப்பினார்கள். நிருபர்கள் முன்னால் ரசிகர்களைப் பற்றிப் பேச வாயெடுத்த சீவருக்குத் தொண்டை அடைத்தது, பேச முடியவில்லை. முடிவை எடுத்த தலைவர் டொனால்ட் கிராண்ட். இதே கிராண்ட்தான் 1957-இல் ஜயன்ட்ஸ் நியூயார்க்கை விட்டுப் போகக்கூடாது என்று நிர்வாகக் குழுவில் ஒற்றை ஆளாக எதிர்த்து ஓட்டுப் போட்டவர். அதை நினைக்கும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

1979-இல் மெட்ஸ் 63 ஆட்டம் ஜெயித்தது, 99 தோற்றது. 1962-ஐவிட 23 வெற்றி கூடுதல். இருந்த மைதானமோ 55 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய ஷே ஸ்டேடியம். அந்த வருஷம் முழுக்க வந்தவர்கள் 7 லட்சத்து 88 ஆயிரம் பேர். 40 வெற்றிக்கு வந்த கூட்டம் 63 வெற்றிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா? எட் க்ரேன்பூல் 1962 செப்டம்பரில், 17 வயதில், ஹாட்ஜஸுக்கு மாற்றாக முதல் முறை களமிறங்கியவர். 1969 கோப்பையில் ஹோம் ரன் அடித்தவர். 1979-இல் அந்த அணியில் மிச்சம் இருந்த ஒரே 1969 ஆள் அவர்தான், அந்த சீசனோடு அவருடைய ஆட்டமும் முடிந்தது. மெட்ஸ் தவிர வேறு சட்டை போடாதவர். 2024 செப்டம்பரில், ஒயிட் சாக்ஸ் அந்த 120-ஐத் தாண்டிய அதே மாதத்தில், காலமானார்.

120-ஐவிடப் பெரிய எண்ணும் இருக்கிறது. 1899-இல் க்ளீவ்லாண்ட் ஸ்பைடர்ஸ் 20 ஆட்டம் ஜெயித்து 134 தோற்றது. அதன் முதலாளிகளான ராபிசன் சகோதரர்கள் செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கி, பெரிய பிட்ச்சர் சை யங் உட்பட நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அங்கே கொண்டுபோய்விட்டார்கள். தோற்றது அணியா, தோற்கடித்தது முதலாளியா? மோசம் என்ற வார்த்தையை எங்கே ஒட்டுவது என்று ரசிகனுக்குத் தெரியும்.

ஒயிட் சாக்ஸ் ரசிகர்கள் 2024-இன் பெயர்களை எப்படிச் சொல்வார்கள் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 2005-இல் கோப்பை வாங்கிய பொட்செட்னிக், டை, கொனெர்கோ, க்ரீடி எல்லோரையும் அவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2024 சீசனின் கடைசி வாரத்தில் சிகாகோ மைதானத்திலிருந்து எழுந்த கோஷம், 'அணியை விற்றுவிடு'.