விண்கல்லுக்குள் வெள்ளைப் புள்ளி: வாசகர் கேள்விகள்

புக்கிட் தீமா கருங்கல்லே ரொம்பப் பழசாம். விண்கல் அதைவிடப் பழசா, சார்?
- உயர்நிலை 2 மாணவர், ஈசூன்

ரொம்பவே, தம்பி. புக்கிட் தீமா கருங்கல்லுக்கு 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது. 1969 பிப்ரவரியில் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல்லில் உள்ள வெள்ளைத் துணுக்குகளுக்கோ ஏறத்தாழ 456.7 கோடி! அந்தக் கல்லின் வில்லை ஒன்றை உருப்பெருக்கி வைத்துப் பார்த்திருக்கிறேன். அடுப்புக்கரி நிறம், அதில் சவ்வரிசி மாதிரி சாம்பல் உருண்டைகள், நடுநடுவே தேங்காய்ப்பூ உதிர்ந்ததுபோல் வெள்ளை. வெள்ளையில் கால்சியமும் அலுமினியமும் அதிகம். இளஞ்சூரியனைச் சுற்றியிருந்த சூடான வாயு ஆறியபோது முதலில் இறுகியவை அவை. உருண்டைகள், விண்வெளியில் உருகி விரைவாக உறைந்த துளிகள். கரிய பகுதி, இவற்றையெல்லாம் ஒட்டவைத்த தூசு. பூமி ஒருகாலத்தில் உருகிக் கலந்துவிட்டதால், இப்படிப் பிரித்துப் பார்க்கக்கூடிய கல் இங்கே மிஞ்சவில்லை. எனக்கு அந்த வில்லையைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை.

வயதை எப்படிக் கணிக்கிறார்கள்?
- வாசகி, தெம்பனிஸ்

யுரேனியத்தில் இரண்டு வகை, வெவ்வேறு வேகத்தில் சிதைந்து வெவ்வேறு ஈயமாகின்றன. ஒரே கல்லில் இரண்டு கடிகாரம் ஓடுகிற மாதிரி. அப்புறம் அலுமினியம்-26 என்ற, தானாகச் சிதையும் அலுமினிய வகை இருக்கிறது. சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதி சிதைந்து மக்னீசியம்-26 ஆகிவிடும். அந்த மக்னீசியம் அளவுக்கு மேல் இருப்பதை அயெண்டே துணுக்குகளில் 1970களில் கண்டுபிடித்தார்கள். அதாவது, கல் இறுகியபோது அலுமினியம்-26 உயிரோடு இருந்தது. தொடக்ககாலச் சிறு கோள்களை உள்ளிருந்து உருக்கிய வெப்பமும் பெரும்பாலும் அதனுடையதே.

இணையத்தில் வாங்கிய இரும்பு விண்கல் துருப்பிடிக்கிறது. குறுக்குக் கோடுகள் யாராவது செதுக்கியவையா?
- வாசகர், பொங்கோல்

செதுக்கவில்லை. அப்படி உருகிய சிறு கோள்களில் இரும்பும் நிக்கலும் நடுவே இறங்கின. அது பத்து லட்சம் ஆண்டுக்குச் சில பாகை, சில நூறு பாகை என்று மெதுவாக ஆறியதால்தான் இரண்டு உலோகக் கலவைகள் பட்டை பட்டையாகப் பிரிந்தன. அறுத்து அமிலம் தடவினால் தெரியும். துருவுக்கு நம் ஊர் ஈரக்காற்றே காரணம். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் கருப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தது. காந்தமும் ஒட்டுகிறது!
- வாசகர், பிடோக்

அந்தக் கரையே கடலை நிரப்பி எழுப்பியது. கல் எங்கிருந்தும் வந்திருக்கலாம். உலைக்கழிவிலும் காந்தம் ஒட்டும். மேலே குமிழ் ஓட்டைகள் இருந்தால் பெரும்பாலும் அதுதான். இல்லையா? சரி, ஒரு மூலையை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வெள்ளிப் பொட்டுகள் மின்னினால் படம் அனுப்புங்கள்.