பின் பட்டையைக் கனமாக்கினால் வண்டி எவ்வளவு சுமக்கும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் நீண்ட லோடு பாடி கொண்ட ஒற்றைக் கேபின் பிக்கப் வண்டி இருக்கிறது. தோட்டங்களுக்கு மருந்து தெளிக்கும் வேலைக்காக 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பம்ப், குழாய்ச் சுருள், கருவிகள் ஆகியவற்றை நாள்தோறும் ஏற்றிச் செல்கிறேன். தொட்டி நிறைந்திருக்கும்போது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிடுகிறது. பள்ளத்தில் இறங்கினால் அடியில் இரும்பு மோதுவதுபோல் சத்தம் வருகிறது. முகப்பு விளக்கின் வெளிச்சம் மரக்கிளைகளில் போய் விழுகிறது. ஒரு மெக்கானிக் பின்பக்க ஸ்பிரிங் கட்டில் இரண்டு பட்டை (லீஃப்) கூட்டிப் போடச் சொல்கிறார். இன்னொருவர் பட்டைக்குத் துணையாக, காற்றடைத்துப் பளுவைத் தாங்கும் காற்றுப் பை பொருத்தச் சொல்கிறார். எதைச் செய்யலாம்? செய்தால் எவ்வளவு கூடுதலாக ஏற்றலாம்?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பட்டையைக் கனமாக்கினாலும் காற்றுப் பை பொருத்தினாலும் நீங்கள் ஏற்றத்தக்க எடை ஒரு கிலோகூடக் கூடாது. வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பதைப் பட்டை மட்டும் முடிவு செய்வதில்லை. ஆக்சில் கூடு, சக்கர பேரிங், வீல் டிஸ்க், டயர், பிரேக், சேசிஸ் ஆகியவற்றில் எது மிகவும் வலுக்குறைந்ததோ அதுவே எல்லையாகிறது. பின்பக்கம் தாழ்வதை நிறுத்திவிட்டால், அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறோம் என்று வண்டி காட்டிய அடையாளத்தை மறைத்துவிடுகிறோமே தவிர, பேரிங்கின் மேல் இருக்கும் பளுவைக் குறைத்துவிடவில்லை.

ஆகவே ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால், நாள்தோறும் புறப்படும் அதே நிலையில், அதாவது தொட்டி நிறையத் தண்ணீருடனும் எல்லாக் கருவிகளுடனும் உடன் வரும் ஆளுடனும், வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். முழு வண்டியையும் ஒருமுறை எடை போடுங்கள். பிறகு முன் சக்கரங்களை மேடைக்கு வெளியே விட்டுப் பின் சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்து இன்னொரு முறை எடை போடுங்கள். கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ இருக்கும் தகட்டில் வண்டியின் மொத்த எடை வரம்பும், பெரும்பாலும் முன் ஆக்சில், பின் ஆக்சில் வரம்புகளும் தனித்தனியே பொறிக்கப்பட்டிருக்கும். மொத்த எடை வரம்புக்குள் இருந்து பின் ஆக்சில் மட்டும் வரம்பைத் தாண்டியிருப்பது பிக்கப் வண்டிகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் குறை என்பதால், இரண்டாவது முறை எடை போடுவதைத் தவறவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள பளுக் குறியீட்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், இரண்டு பின் டயர்களும் சேர்ந்து 1,800 கிலோ. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோதான். டயரில் உரிய காற்றழுத்தம் இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும்.

அடுத்து, தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் இதைக் கேட்கவில்லை. ஆனால் உங்கள் சிக்கலில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். குழாயை எடுக்க வசதியாக இருக்கும் என்று தொட்டியைக் கடைசிக் கதவை ஒட்டி வைப்பவர்களே அதிகம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர் இருக்கிறது என்றும், 500 கிலோ தண்ணீரின் நடுப்புள்ளி பின் ஆக்சிலுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது பின் ஆக்சில் சுமப்பது 500 கிலோ அல்ல, 600 கிலோ. அந்தக் கூடுதல் 100 கிலோ முன் சக்கரங்களிலிருந்து தூக்கப்பட்டதாகும். ஸ்டீயரிங் இலேசாவதற்கும் விளக்கு வானத்தைப் பார்ப்பதற்கும் அதுவே காரணம். அதே தொட்டியை ஆக்சிலுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால் பின் ஆக்சிலில் 400 கிலோவும் முன் ஆக்சிலில் 100 கிலோவும் விழும். ஒரு பட்டையும் கூட்டாமலேயே பின்பக்கத்தில் 200 கிலோ குறைந்துவிடுகிறது. லோடு பாடி நீளமாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால் தொட்டியைக் கேபினை ஒட்டி நகர்த்தவும், குழாய்ச் சுருளை மட்டும் பின்னால் விடவும் இடம் இருக்கும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இல்லையென்றால் அவற்றையும் வைத்துவிடுங்கள். பாதி காலியான தொட்டியில் தண்ணீர் அலைந்து வண்டியைத் தள்ளுவதை எந்தப் பட்டையாலும் தடுக்க முடியாது.

இவ்வளவும் செய்த பிறகு, எடை வரம்புக்குள் இருந்தும் வண்டி தாழ்கிறது என்றால், அப்போது பட்டையைப் பார்க்கலாம். சமதளத்தில் வண்டியைக் காலியாக நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சுமை ஏற்றியபின் மறுபடியும் அளங்கள். சுமை ஏறும்போது பட்டை ஏறத்தாழ நேராகிவிடுவது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. காலியாக நிற்கும்போதே வளைவு போய்ப் படுத்திருந்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால், பட்டை களைத்துவிட்டது என்று பொருள். களைத்த கட்டின் மேல் புதிய பட்டை ஒன்றைக் கூட்டினால் அந்தப் புதிய பட்டையே பளு முழுவதையும் ஏற்று முதலில் முறியும். அங்கே கட்டு முழுவதையும் மாற்றுவதுதான் முறை.

பட்டை கூட்டுவதில் தடிமன்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். ஒரே நீளமும் தடிமனும் உள்ள நான்கு பட்டைகளுடன் ஐந்தாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ கால் பங்கு கூடும். ஆனால் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது என்பதால், 7 மில்லிமீட்டர் பட்டைகளுக்குப் பதிலாக 8 மில்லிமீட்டர் பட்டைகளைப் போட்டாலே விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. ‘கைவசம் ஒரு கனத்த பட்டை இருக்கிறது, அதைச் சேர்த்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மெல்லிய பட்டைகளுக்கு நடுவே அவற்றோடு சேர்ந்து வளையும் கனத்த பட்டையில்தான் தகைவு, அதாவது உலோகத்துக்குள் உண்டாகும் இழுவிசை, மிகுதியாக ஏறும்.

உங்கள் வேலையில் வண்டி நிறைந்து போய்க் காலியாகத் திரும்புகிறது. மிக விறைப்பான பட்டையோடு காலி வண்டியை ஓட்டினால் பின் சக்கரங்கள் சாலையைப் பிடிக்காமல் துள்ளும். மழையில் அது ஆபத்து. ஆகையால் சுமை ஏறிய பிறகே வேலை செய்யத் தொடங்கும் ஹெல்பர் ஸ்பிரிங்கை, உங்கள் வண்டிக்கென்றே செய்யப்பட்டதாகப் பார்த்துப் பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன். காலியாக இருக்கும்போது அதன் முனைக்கும் தாங்கிக்கும் இடையே இடைவெளி இருக்கும்; பளு ஏறி வண்டி தாழும்போது அது தொட்டுத் தாங்கும்.

காற்றுப் பையின் வசதி உண்மையானது: சுமைக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைத்து வண்டியைச் சமமாக நிறுத்தலாம். ஆனால் பட்டை தன் பளுவைச் சேசிஸின் இரண்டு இடங்களில், அதாவது முன் தாங்கியிலும், பின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளிலும் பிரித்துக் கொடுக்கிறது. காற்றுப் பையோ ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் குத்தி நிற்கிறது. ஆக்சிலுக்கு வெகு பின்னால் கனத்த பளு தொங்கும் வண்டியில் பைகளை முழு அழுத்தத்தில் வைத்து மேடுபள்ளத்தில் ஓட்டினால் அந்த இடத்தில் சேசிஸே வளையக்கூடும். அப்படி வளைந்த ஒரு வண்டியை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கேபினுக்கும் லோடு பாடிக்கும் இடையிலுள்ள சந்து மேலே நான்கு விரல் அகலத்துக்கு விரிந்தும், கீழே ஒரு விரல்கூட நுழையாதபடி ஒட்டியும் இருந்தது. தொட்டியை முன்னால் நகர்த்தாமல் காற்றுப் பையை மட்டும் பொருத்தவே வேண்டாம். நகர்த்திய பிறகும் பொருத்துவதானால் இடப் பைக்கும் வலப் பைக்கும் தனித்தனிக் குழாய் வைக்கச் சொல்லுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கப் பையின் காற்று உட்பக்கப் பைக்கு ஓடி, வண்டி மேலும் சாயும்.

எதைச் செய்தாலும் ஷாக் அப்சார்பரையும் சோதியுங்கள். அது பளுவைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. ஸ்பிரிங் விறைப்பானால் அடக்கவும் கூடுதல் வலு வேண்டும்.

கேள்வி: பின்பக்கம் கனத்த பட்டைக் கட்டு போட்ட நாளிலிருந்து, லோடு இருக்கும்போது பிரேக் முன்போல் பிடிப்பதில்லை என்று தோன்றுகிறது. பிரேக்கில் யாரும் கை வைக்கவில்லை. பட்டைக்கும் பிரேக்குக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, உங்கள் ஐயம் சரியானது, வண்டியை இப்படியே ஓட்டாதீர்கள். பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்சிலையும் சேசிஸையும் இணைக்கும் ஒரு சிறிய கம்பியையோ ஸ்பிரிங்கையோ காணலாம். அதன் மறுமுனையில் இருக்கும் வால்வு, வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக்கொண்டு லோடை அளந்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்பலாம் என்று தீர்மானிக்கிறது. வண்டி தாழ்ந்தால் அழுத்தம் கூடும், உயர்ந்தால் குறையும். கனத்த பட்டை போட்டபின் முழு லோடிலும் வண்டி தாழ்வதில்லை. ஆகவே வண்டி காலியாக இருப்பதாக எண்ணி வால்வு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்தே வைத்திருக்கிறது. முன் பிரேக் மட்டும் முழுப் பளுவோடும் போராடுகிறது.

இந்த வால்வைப் புதிய உயரத்துக்கேற்பச் சரிசெய்ய வேண்டும். கண்ணளவில் கம்பியை வளைத்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அழுத்தம் கூடிவிட்டால் காலி வண்டியில் சட்டென்று பிரேக் அடிக்கும்போது பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பிவிடும் என்பதால் அதை அனுமதிக்காதீர்கள். தயாரிப்பாளர் தந்துள்ள அளவை வைத்துக்கொண்டு, பிரேக் குழாயில் அழுத்தமானி மாட்டிச் செய்ய வேண்டிய வேலை இது. சக்கரத்தின் வேகத்தைக் கொண்டு பின் பிரேக்கை மின்னணு முறையில் பகிரும் வண்டிகளில் இந்தக் கம்பி இருக்காது. உங்கள் வண்டி அந்த வகையானால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். வண்டியின் பின்பக்கம் உயர்ந்திருப்பதால் ஆக்சிலுக்குப் போகும் பிரேக் ஹோஸ் இழுபட்டு நிற்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: படுத்துப்போன பட்டையைக் காய்ச்சி வளைத்து மறுபடியும் போடலாமா?

பதில்: காஸ் வெல்டிங் சுடரில் காய்ச்சி வளைப்பதானால் கூடாது. பட்டையின் வலு அந்த எஃகுக்குத் தயாரிப்பின்போது கொடுக்கப்பட்ட பதத்தில் இருக்கிறது. சுடர் பட்ட இடத்தில் அந்தப் பதம் கெட்டு, ஓரிடம் மென்மையாகவும் அடுத்த இடம் நொறுங்கும் தன்மையோடும் ஆகிவிடும். உலையில் பட்டை முழுவதையும் சீராகக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் உரிய வெப்பத்தில் பதப்படுத்தும் வசதியுள்ள இடத்தில் செய்தால் மட்டுமே அது பட்டையாக இருக்கும். காய்ச்சாமல் அடித்து வளைத்தால் வளைவு வரும். ஆனால் விரைவிலேயே படுத்துவிடும்.

மறுபடியும் போடுவதற்கு முன் ஒவ்வொரு பட்டையையும் பிரித்துத் துடைத்து, நடு போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். முறிந்த பட்டை ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்தபோது, துளையின் ஓரத்திலிருந்து பிறை வடிவில் ஒரு பகுதி துருவேறிப் பழுப்பாகவும், மிச்சம் உப்புக்கல் உடைந்ததுபோல் புதிதாகப் பளபளப்பாகவும் இருந்தது. துருவேறிய பகுதி நெடுநாள் முன்பே விண்டிருந்தது. பளபளத்த பகுதி அன்று காலை முறிந்தது. விரிசல் கண்ட பட்டையை வெல்டிங் செய்து மீட்க முடியாது.

கட்டு போடும்போது, அதை ஆக்சிலோடு பிணைக்கும் பழைய யூ போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை முறுக்கி இழுபட்ட மரை மறுமுறை அதே பிடியைத் தராது. புதியவற்றைக் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக முறுக்கி, வண்டி தன் சக்கரங்களின் மேல் நிற்கும்போது ஷேக்கிள் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கச் சொல்லுங்கள். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கப்பட்ட நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் முறுக்கு விசையை அளக்கும் டார்க் ஸ்பானரால் யூ போல்ட் நட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். பட்டைகள் ஒன்றோடொன்று படிந்த பிறகு அவை சற்றுத் தளர்ந்தே இருக்கும்.