எம்எம்ஏ வெறும் அடிதடிதானே? ஒரு ரசிகராக அதன் வளர்ச்சியை எப்படிப் பார்க்கிறீர்கள்?

வெறும் அடிதடியைக் காசு கொடுத்துப் பார்ப்பானேன் என்பதுதான் உங்கள் கேள்வியின் உட்பொருள். என் அக்காவும் இதையேதான் கேட்டார். அவருடைய 13 வயது மகனைப் பயிற்சிக்குக் கூட்டிப் போனவன் நான் என்பதால் சற்றுக் காட்டமாகவே கேட்டார். எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் நான். இதற்கு நான் சொல்லக்கூடிய பதில் ஒரே ஒரு செயலைப் பற்றியது: தட்டுதல்.

பிடியில் சிக்கிய வீரர் எதிராளியின் உடலிலோ தரையிலோ கையால் இரண்டு மூன்று முறை தட்டினால் ஆட்டம் அந்த நொடியே முடிந்துவிடும். கை மாட்டிக்கொண்டிருந்தால் காலால் தட்டலாம், வாயாலும் சொல்லலாம். கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு கார்ப் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த பயிற்சிக்கூடத்துக்கு நான் முதன்முதலாகப் போன மாலையில், குத்தவும் உதைக்கவும் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். என்னைவிட இருபது கிலோ குறைவான ஓர் இளைஞர் என் முதுகுப்பக்கமாக வந்து, என் கழுத்தைத் தம் முழங்கை மடிப்புக்குள் வைத்து மெல்ல இறுக்கினார். வலி என்று சொல்ல ஏதுமில்லை. கீழே பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் எங்கோ தொலைவுக்கு நகர்ந்து போனது. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கழுத்துக் குழாய்கள் இருபுறமும் அடைபடுவதால் பத்து வினாடிக்குள் நினைவு தப்பிவிடும் என்று பிறகு விளக்கினார்கள். நான் அதுவரை காத்திருக்கவில்லை, தட்டிவிட்டேன். பிடி உடனே தளர்ந்தது. "ஒன்னும் இல்லையே அண்ணே?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

இந்த விளையாட்டு உலகின் கண்ணில் பட்டதும் இப்படித் தட்டித்தான். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் யுஎஃப்சி என்ற அமெரிக்க எம்எம்ஏ அமைப்பின் முதல் போட்டி நடந்தது. ஏறத்தாழ விதிகளே இல்லாத அந்தக் கம்பிவலைக் கூண்டுக்குள், பிரேசிலைச் சேர்ந்த மெலிந்த தேகக்காரரான ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றார். ஒற்றைக் கையில் மட்டும் உறை மாட்டி வந்த குத்துச்சண்டை வீரர் ஒருவரும் அவர்களில் இருந்தார். மூன்று ஆட்டங்களையும் கூட்டினால் ஐந்து நிமிடம் தேறாது. மூவரும் தட்டித்தான் தோற்றார்கள்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். கோலாலம்பூர்த் தமிழ்ப் பையன் அகிலன் தானி, 2017 மே மாதம், 21 வயதில், சிங்கப்பூரில், ஆசியாவின் பெரிய எம்எம்ஏ அமைப்பான வன் சாம்பியன்ஷிப்பின் பட்டத்துக்காக அமெரிக்க ஒலிம்பிக் மல்யுத்த வீரர் பென் ஆஸ்க்ரனை எதிர்த்து நின்றார். அதுவரை அகிலன் தோற்றதே இல்லை. மாமாக் உணவுக்கடையில் ஆளுக்கொரு தே தாரிக் தேநீர் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். முதல் சுற்றிலேயே ஆஸ்க்ரன் அவரைத் தரையில் கிடத்தி, கையையும் கழுத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டார், அகிலன் தட்டினார். "இவ்வளவு சீக்கிரமாகவா விட்டுக்கொடுப்பது?" என்று பக்கத்து மேசைப் பெரியவர் சலித்துக்கொண்டது எனக்கு இன்றும் எரிச்சலாக இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், ஷாங்காயில் ஜப்பானின் புகழ்பெற்ற யோஷிஹிரோ அகியாமாவை நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பில் வென்றவர் அதே அகிலன்தான். நேரத்தில் தட்டத் தெரிந்தவருக்கே அடுத்த ஆட்டம் என்று ஒன்று உண்டு என்பதை அந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

இதனால் எல்லாம் பத்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. தாடையில் விழும் குத்துக்கு முன்னால் தட்ட நேரம் கிடைக்காது. அங்கே நடுவர் எவ்வளவு விரைவாகக் குறுக்கே பாய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தலையில் படும் அடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கவலை குத்துச்சண்டைக்கு இருப்பதுபோலவே இதற்கும் உண்டு.

ஆனால் எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது கூண்டுக்கு வெளியே நடப்பது. வீரர்கள் எடைப் பிரிவு வாரியாக மோதுவதால், போட்டிக்கு முந்தைய நாள் தராசில் தங்கள் பிரிவின் எடைக்குள் வருவதற்காக தண்ணீரைக் குறைத்து, வெந்நீரிலும் நீராவி அறையிலும் கிடந்து பல கிலோ எடையை வியர்வையாக வெளியேற்றுகிறார்கள். அந்த அறையில் நடுவர் கிடையாது, தட்டினால் விடுவதற்கு எதிராளியும் கிடையாது. 2015 டிசம்பரில், மணிலாவில் நடக்கவிருந்த போட்டிக்காக இப்படி எடையைக் குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங் 21 வயதில் உயிரிழந்தார். அதன் பிறகுதான் வன் சாம்பியன்ஷிப், நீரை வற்றவைத்து எடை குறைக்கும் முறையைத் தடை செய்து, வீரர்களின் சிறுநீரைச் சோதித்து உடலில் போதிய நீர் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கியது. மற்ற பல அமைப்புகளில் பழைய வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆகவே, இந்த விளையாட்டு வளர்கிறதா என்று என்னைக் கேட்டால், எத்தனை அரங்கம் நிரம்பியது என்பதைவிட இந்த வழக்கம் எத்தனை இடங்களில் ஒழிந்தது என்பதைத்தான் நான் எண்ணிப் பார்ப்பேன்.

அக்கா மகனுக்கும் இது வந்தது. பிடி போட்டு மடக்கும் ஜூஜிட்சு கலையில் சிறுவர்களுக்கான போட்டிக்கு இரண்டு கிலோ கூடுதலாக இருக்கிறான், இரண்டு நாள் தண்ணீரைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார், ஏதோ முடி வெட்டிக்கொண்டு வரச் சொல்வதுபோல. அன்றே அவனை அங்கிருந்து வேறு கூடத்துக்கு மாற்றிவிட்டோம். அவன் ஓர் எடைப் பிரிவு மேலே, தன்னைவிடக் கனமான பையன்களோடு விளையாடினான். முதல் ஆட்டத்திலேயே பிடியில் சிக்கி, சரியான நேரத்தில் தட்டினான். கழுத்தைத் தடவிக்கொண்டே வெளியே வந்தவன், "மாமா, அந்தப் பிடியை எப்படிப் போட்டான்னு கேட்டுட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தன்னைத் தோற்கடித்த பையனைத் தேடிப் போனான்.