ஹைட்ராலிக் கிளட்ச்: பெடல் தரையோடு போனால் முதலில் எங்கே பார்ப்பது?

கேள்வி: காலையில் வண்டியை எடுத்தால் முதல் கியர் விழ மாட்டேங்குது சார். பெடலை ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணினா விழுது. கிளட்ச் செட்டையே மாத்தணும்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. மாத்திடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும். ஆர்பிஎம் ஏறும், வண்டி இழுக்காது. உங்களுக்கு நடப்பது அதற்கு நேர் எதிர், கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. பம்ப் பண்ணினால் சரியாகிறது என்பதால் சந்தேகம் முதலில் ஹைட்ராலிக் மேல்தான், அதாவது பெடல் மிதியை ஆயில் பிரஷரால் கிளட்சுக்குக் கொண்டுபோகும் அமைப்பின் மேல்தான், விழ வேண்டும். ஒன்று ஆயில் லைனில் காற்று இருக்கிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடல் நேராகத் தள்ளும் சிலிண்டர்) ரப்பர் கப் பிரஷரைத் தாங்கவில்லை.

எது என்று வீட்டிலேயே பார்க்கலாம். சமதளத்தில், முன்னால் நிறைய இடம் விட்டு நிறுத்துங்கள். எஞ்சின் ஐடிலில் இருக்க, ஒரு கால் பிரேக் மேல் தயாராக இருக்க, கிளட்சை முழுசாக மிதித்து முதல் கியர் போட்டு அப்படியே அரை நிமிடம் பிடியுங்கள். முதலில் சும்மா நின்ற வண்டி, கால் அசையாமலே மெல்ல நகரப் பார்த்தால் பிரஷர் கசிகிறது. வெளியே ஒரு சொட்டுகூட ஈரம் இல்லையென்றால் கசிவு மாஸ்டருக்குள்ளேயே, கப்பைத் தாண்டி ரிசர்வாயருக்கு (ஆயில் டப்பா) திரும்புகிறது. மிதித்த உடனே பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் அது காற்று. கியர்பாக்ஸை இறக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ரிசர்வாயர்ல ஆயில் கொஞ்சம் கொஞ்சமா குறையுது அண்ணா. டாப்-அப் பண்ணி ஓட்டிட்டு இருக்கேன். பரவாயில்லையா?

பதில்: கூடாது தம்பி. கிளட்ச் ஆயில் (பிரேக்குக்கு ஊற்றும் அதே பிரேக் ஆயில்தான்) எரிந்து தீர்கிற பொருள் இல்லை. பிளேட் தேயத் தேய டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் (பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்) விரல்கள் ஸ்லேவ் சிலிண்டரின் (கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் சிலிண்டர்) பிஸ்டனைப் பின்னால் தள்ளும், ஆயில் மேலே திரும்பும். அதாவது கிளட்சுக்கென்று தனி ரிசர்வாயர் இருக்கிற வண்டியில் மட்டம் லேசாக ஏற வேண்டுமே தவிர இறங்கக் கூடாது. இறங்கினால் கசிவுதான்.

பிரேக்கும் கிளட்சும் ஒரே ரிசர்வாயரில் இருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள்: பிரேக் பேடு தேய்ந்தாலும் மட்டம் இறங்கும். அதனால் பேடையும் பாருங்கள். இப்படிப்பட்ட ரிசர்வாயரில் கிளட்ச் குழாய் பொதுவாகப் பக்கவாட்டில் உயரமாக இருக்கும். கிளட்ச் லைன் முழுசாகக் காலியானாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

கசிவைத் தேட மூன்று இடங்கள். பெடலுக்கு மேலே, ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) பெடலின் புஷ்ராட் நுழையும் இடத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். கார்பெட் ஈரமாக இருந்தால் மாஸ்டர் போய்விட்டது. அடுத்து, கியர்பாக்ஸ் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் பூட்டைத் தூக்கிப் பாருங்கள். ஸ்லேவ் வெளியே தெரியாமல் பெல்ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) இருக்கிற வண்டி என்றால் பெல்ஹவுசிங்கின் அடியில் சொட்டும். அங்கே சொட்டுவது கியர் ஆயிலா, எஞ்சின் ஆயிலா என்று குழம்பினால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு துளி விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும், மற்றவை மிதக்கும்.

கேள்வி: ஏர் எடுக்கிறது எப்படி? நானும் என் மனைவியும் சேர்ந்து செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. அரை லிட்டர் புது ஆயில், ஸ்லேவில் காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர் (பல வண்டிகளில் 8, 10 அல்லது 11 மி.மீ.), அதன் மேல் இறுக்கமாக உட்காரும் டிரான்ஸ்பரன்ட் டியூப், ஒரு பாட்டில். ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், நிப்பிளின் மூலை மழுங்கிவிடும். டியூபின் மறுமுனை பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கி இருக்கட்டும்.

ரிசர்வாயரில் இருக்கிற கறுத்த ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புது ஆயிலை நிரப்புங்கள். பிரேக்கும் அதே ரிசர்வாயர் என்றால் முழுசாக வற்ற விடாதீர்கள், பிரேக் லைனிலும் காற்று ஏறிவிடும். உங்கள் மனைவி பெடலை மெதுவாக மிதித்துத் தரையில் பிடிக்கட்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறங்கள், குமிழி வரும், மூடுங்கள். நீங்கள் "மூடியாச்சு" என்று சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். இங்கேதான் பலருக்கும் தப்புகிறது: மூடும் முன்னே கால் எழுந்தால் வெளியே போன காற்று அப்படியே திரும்ப உள்ளே வரும். நாலைந்து மிதிக்கு ஒருமுறை ரிசர்வாயரைப் பாருங்கள். குமிழி நின்று, தெளிந்த ஆயில் வரும்வரை இப்படியே செய்யுங்கள். லைனில் உள்ளது குறைவுதான். 200 முதல் 300 மில்லி போனாலே பெரும்பாலும் போதும்.

பெயின்டில் சிந்தினால் துடைத்துவிட்டு உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும்.

கேள்வி: அதே மாதிரி செஞ்சு பார்த்தாச்சு. இன்னும் பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கு. ஸ்லேவ் வெளியேதான் இருக்கு.

பதில்: அப்படியானால் நிப்பிளுக்கு எட்டாத மேட்டில் காற்று தங்கியிருக்கிறது. ஸ்லேவின் இரண்டு போல்ட்டைக் கழற்றி, ஹோஸ் மாட்டியபடியே, ஹோஸ் சேரும் முனை மேலே வரும்படி சாய்த்துப் பிடித்து, பிஸ்டனைக் கையால் மெதுவாக முழுசாக உள்ளே தள்ளுங்கள். ரிசர்வாயரில் குமிழி கிளம்பும். இரண்டு மூன்று முறை செய்யுங்கள், ரிசர்வாயர் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லேவ் கழன்றிருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே துப்பிவிடும். ரப்பர் ஹோஸையும் ஒருமுறை கையில் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொல்லுங்கள். ஊதினால் ஹோஸை மாற்றுங்கள்.

கேள்வி: டாட் 3 இருந்த இடத்துல டாட் 4 ஊத்தலாமா? அவசரத்துக்கு பவர் ஸ்டீயரிங் ஆயில்?

பதில்: டாட் (DOT) என்பது பிரேக் ஆயில் பாட்டிலில் போட்டிருக்கும் தரம். டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வகை, கலந்தாலும் ரப்பருக்குக் கேடு இல்லை. மூடியில் போட்டிருப்பதே நல்லது. டாட் 5 சிலிக்கோன், அதைக் கலக்கவே கூடாது. பவர் ஸ்டீயரிங் ஆயில், எஞ்சின் ஆயில் ஒரு மூடிகூட வேண்டாம். கப்பெல்லாம் ஊதிப்போய் மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மொத்தமும் மாற்ற வேண்டிவரும். கிளைக்கால் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மூடி திறந்த பழைய பாட்டிலை எடுத்து ஊற்ற வேண்டாம்.

கேள்வி: ரப்பர் கிட் போதுமா, சிலிண்டரையே மாத்தணுமா?

பதில்: உள்சுவரில் நகத்தை ஓட்டுங்கள். கீறலோ துருக்குழியோ நகத்தில் தட்டினால் கிட் வீண், புது ரப்பரையும் அது அறுத்துவிடும். பெல்ஹவுசிங்குக்குள் இருக்கிற ஸ்லேவ் என்றால் கேள்வியே இல்லை: கிளட்ச் செட் மாற்றக் கியர்பாக்ஸ் இறங்கும்போது அதையும் புதிதாகப் போடுங்கள். புதியதைக் கையில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டாம், கியர்பாக்ஸ் முழுசாக ஏறும்வரை பெடலையும் மிதிக்க வேண்டாம், சீல் போய்விடும்.

கேள்வி: புது மாஸ்டர் போட்ட பிறகு ஏற்காடு மலைப் பாதையில கிளட்ச் வழுக்குது. பிளேட் போட்டு ஆறு மாசம்தான் ஆகுது.

பதில்: புஷ்ராடில் இடைவெளி இல்லாமல் மாட்டியிருப்பார்கள். பிஸ்டன் முழுசாகப் பின்னால் வராவிட்டால் ரிசர்வாயருக்குப் போகும் சின்னத் துளை மூடியே இருக்கும். ஆயில் சூடாகி விரியும்போது போக வழியில்லாமல் ஸ்லேவைத் தள்ளும்; நீங்கள் பாதி கிளட்ச் மிதித்தபடி மலையேறுகிற கணக்கு. வழுக்கும்போதே ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, பெடலில் கால் வைக்காமல் நிப்பிளைச் சற்றுத் திறங்கள். ஆயில் சூடாக இருக்கும், கை ஜாக்கிரதை. பீச்சிக்கொண்டு வந்து, மூடியபின் வழுக்கல் நின்றால் சந்தேகமே வேண்டாம். லாக் நட்டைத் தளர்த்தி, பெடலைக் கையால் தள்ளினால் முதல் சில மில்லிமீட்டர் எதிர்ப்பில்லாமல் போகும்படி ராடைத் திருகி வையுங்கள். சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இடைவெளி இருந்தும் பிரஷர் நிற்கிறது என்றால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது யாரோ தப்பான ஆயில் ஊற்றிக் கப் ஊதியிருக்கிறது.