தேர்வு வந்தால் பருவும் வந்துவிடுகிறதே!

கேள்வி: கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். செமஸ்டர் தேர்வு நெருங்கினாலே முகத்தில் இருக்கும் பரு இரண்டு மடங்காகிவிடுகிறது. தினமும் ஐந்தாறு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் அடங்கவில்லை. டென்ஷனால் பரு வருமா, இல்லை என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், ஏற்கெனவே பரு இருந்த 22 மாணவர்களின் முகத்தைத் தேர்வு நேரத்திலும் தேர்வில்லாத நாட்களிலும் பார்த்து ஒப்பிட்டார்கள். 2003இல் அது வெளியானது. மன அழுத்தம் அதிகமானவர்களுக்குப் பருவும் அதிகமாகியிருந்தது. 22 பேர் கொஞ்சம்தான், ஆனால் உங்கள் கதையும் அதேதானே! டென்ஷன், பருவே இல்லாத முகத்தில் புதிதாக முளைக்க வைப்பதைவிட, இருக்கிற பருவைக் கிளறிவிடுகிறது என்றுதான் நான் சொல்வேன்.

டென்ஷன் வந்தால் எண்ணெய் வழியும், அதனால்தான் பரு என்று நீங்கள் நினைப்பது சோப்பிலேயே தெரிகிறது. சிங்கப்பூரில் 94 பள்ளி மாணவர்களிடம் அதை அளந்தும் பார்த்தார்கள்: தேர்வு நேரத்தில் பரு கூடியிருந்தது, எண்ணெய்ச் சுரப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. மயிர்க்காலுக்குள் நடக்கும் அழற்சி சோப்புக்கு எட்டாது, தேய்க்கத் தேய்க்கத் தோல் வறண்டு எரிவதுதான் மிச்சம். இரண்டு வேளை, மென்மையான ஃபேஸ்வாஷ், போதும்.

இன்னொன்று, இன்று ராத்திரி படிக்கும்போது உங்கள் இடது கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வலது கை பேனாவைப் பிடித்திருக்கும், இடது கை தாடையைத் தடவி, மேடாக ஒன்று தட்டுப்பட்டதும் நகத்தால் நெருடிக்கொண்டிருக்கும், புத்தகத்தில் பக்கம் திரும்புவதற்குள் அது சிவந்து வீங்கியிருக்கும். இதையும் நாம் டென்ஷன் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்!

சரி, மருந்து? முகத்தில் பூச, பென்சாயில் பெராக்சைடு 2.5%, அல்லது இரவில் அடாபலீன் 0.1%. முதல் சில வாரம் தோல் உரியும், பயப்பட வேண்டாம், ஆனால் கர்ப்பமாக இருந்தால் அடாபலீன் கூடாது. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், அதனால் ஹால் டிக்கெட் வந்த பிறகு க்ரீம் தேடினால் அந்தத் தேர்வுக்கு உதவாது, பாடத்தைப் போலவே இதையும் செமஸ்டர் தொடங்கும்போதே ஆரம்பிக்க வேண்டும். விடுதியில் யாராவது 'ஒரே ராத்திரியில் போய்விடும்' என்று ஸ்டீராய்டு க்ரீம் நீட்டினால் மட்டும் தொடாதீர்கள், அதுவே பருவைக் கிளப்பும்.

கட்டி கட்டியாக வலித்தாலோ தழும்பு விழ ஆரம்பித்தாலோ தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.