கனிமத் தேடலுக்காக நிலத்தை அளப்பதால் ஊருக்குப் பயன் உண்டா, தோண்ட வருபவனுக்கு மட்டும்தானா?

கேட்டவர் மன்னார் இல்மனைட் என்னும் கறுப்பு மணல் கனிமத்தையும் எங்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கு வெண்மணலையும் சேர்த்தே கேட்டிருக்கிறார். நிலத்தை அளந்து படம் போட்டுக் கொடுப்பதே கம்பனிக்கு வழிகாட்டுவதுதானே, அளக்கவே விடாமல் மறிப்பது நல்லதல்லவா என்பது அவருடைய வாதம்.

கோபம் நியாயமானது. ஆனால் அளக்க விடாமல் மறித்தால் நட்டம் நமக்குத்தான். இளவயதில் மூன்று ஆண்டுகள் நிலத்தடி நீர் தேடும் குழு ஒன்றில் கம்பி இழுத்தவன் நான். இப்போது உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன்.

அந்த வேலை பார்ப்பதற்குச் சாதாரணமானது. நான்கு இரும்புக் கூர்களை நேர்கோட்டில் நிலத்தில் அடிப்போம். வெளிக்கூர்கள் இரண்டின் வழியே மின்சாரம் விட்டு, உள்ளே இருக்கும் இரண்டுக்கும் இடையில் மின்னழுத்தத்தைப் படிப்போம். கூர்களைத் தள்ளித் தள்ளி அடிக்க, அளவை ஆழத்துக்கு இறங்கும். நன்னீர் ஊறிய மண்ணும் கல்லும் மின்சாரத்தை மறிக்கும். உப்புநீர் ஊறியவை தாராளமாக ஓடவிடும். ஒரு சித்திரை வெயிலில் இப்படிக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலால் ஓர் ஆச்சி எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, தங்கம் தேடுகிறீர்களா?"

"இல்லை ஆச்சி, தண்ணீர்."

"அதற்கு ஏன் இவ்வளவு கம்பி? அந்த மூலைக் கிணறு நல்ல தண்ணீர், இந்த மூலை சவர். என் அம்மா காலத்திலிருந்தே அப்படித்தான்."

மாலையில் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆச்சி சவர் என்று கைகாட்டிய மூலையில்தான் மின்தடை எண்கள் சரிந்திருந்தன. அவர் அறியாதது ஒன்றுதான்: அந்த நல்ல தண்ணீர் எத்தனை அடிக்குக் கீழே முடிகிறது என்பது.

குடாநாட்டில் நிலத்தடி நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மேலே அரை மீற்றரை இழந்தால் காலப்போக்கில் கீழே 20 மீற்றர் போய்விடும். அடியே இல்லாத கிணறு என்று ஊரார் சொல்லும் நிலாவரையில்கூட மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர்தான். மாரி மழையை உள்ளே இறக்கி வைப்பது மணல்மேடு. அதை வழித்தெடுத்தால் மேலே நிற்கும் அந்த ஒரு மீற்றரிலேயே கைவைத்ததாகிவிடும்.

கேள்வியில் ஒரு திருத்தம்: இல்மனைட்டையும் வெண்மணலையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் 34 மூலப்பொருள்களையும் இந்தியா 30 கனிமங்களையும் அத்தியாவசியமானவை என்று பட்டியலிட்டன. இல்மனைட் தரும் டைட்டேனியம் இரண்டிலும் இருக்கிறது. வெண்மணல் அந்தக் கணக்கில் சேராது. பட்டியலில் உள்ள சிலிக்கனுக்குப் பெரும்பாலும் கட்டிக் குவார்ட்ஸ்தான் வேண்டும். நம் மணல் இரவில் டிப்பரில் போவது வீடு கட்டுவதற்கு. அது பொலிஸ் பார்க்க வேண்டிய விடயம், அதற்குப் புவியியல் பெயர் சூட்ட வேண்டியதில்லை.

இல்மனைட் வேறு கதை. கிழக்குக் கரையோரப் புல்மோட்டையிலிருந்து உறவினர் ஒருவர் தந்த கறுப்பு மணலை வகுப்புக்குக் கொண்டுபோவேன். பழுதான கணினியின் வன்தட்டிலிருந்து கழற்றிய காந்தத்தை அருகில் பிடித்தால், கறுப்பு மணிகள் மயிர்போலக் குத்திட்டு நிற்கும். வெண்மணல் அசையாது. அந்தக் காந்தத்தில் உள்ள நியோடிமியம், புல்மோட்டை மணலில் சிறிதளவு இருக்கும் மொனசைட் என்னும் கனிமத்திலும் உண்டு என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மொனசைட்டில் கதிர்வீசும் தோரியமும் இருக்கிறது. அதன் காமாக் கதிரை அளந்துதான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அதே அளவை, மணலைக் கிளறும் தொழிலாளிக்கு எவ்வளவு கதிர் படும் என்பதையும் காட்டும். அளவை ஒன்றுதான். யார் கையில் இருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

மன்னாரில் துளையிட்டது அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான நிறுவனம். சந்தை விதிப்படி துளைகளின் முடிவுகளை அங்கே வெளியிட்டது. பங்கு வாங்குபவருக்காக எழுதப்பட்ட அறிக்கைகள் அவை. மன்னார்த் தீவின் பேசாலையில் இருப்பவர் தன் வளவுக்குப் பக்கத்து மணலின் தரத்தை அறிய வெளிநாட்டுப் பங்குச் சந்தையைப் பார்க்க வேண்டும் என்றால், கோபம் வராமல் என்ன செய்யும்? மேற்கு அவுஸ்திரேலியாவில் கனிமம் தேடும் நிறுவனம் தன் ஆய்வறிக்கையை அரசிடம் கொடுக்க வேண்டும், பொதுவாக ஐந்து ஆண்டுகள் கடந்தால் யாரும் பார்க்கலாம். இங்கும் அதையே கேட்கலாமே.

நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் சுரங்க ஒப்பந்தத்தை நிறுத்தியது. படிவு எங்கே, எவ்வளவு, என்ன தரம் என்பதைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் விரிவாக ஆராய்ந்து, முடிவுகளை வெளியிடும்வரை எந்த ஒப்பந்தமும் கூடாது என்றது. வழக்குப் போட்டவர்கள் அந்த ஊர் மக்கள். அளவையை மறிக்காமல், அதை வெளியே வைக்கச் சொல்லும் தீர்ப்பையே அவர்கள் பெற்றார்கள்.

ஒரு குறை அந்தத் தீர்ப்பிலும் தெரிகிறது, அல்லது எனக்குத்தான் அப்படிப் படுகிறது. பணியகத்திடம் ஆராயச் சொன்னது கனிமத்தை. எங்கள் பக்கத்தில் முதலில் ஆராய வேண்டியது தண்ணீர். உரிமம் கொடுப்பதற்கு முன்பே குறைந்தது இரண்டு மாரியும் இரண்டு கோடையும் சுற்றுவட்டாரக் கிணறுகளின் மட்டத்தையும் உப்பையும் அளந்திருக்க வேண்டும். தோண்டத் தொடங்கிய பிறகு அளந்தால், "உங்கள் கிணறு முன்பே சவர்தானே" என்பார்கள். மறுத்துக் காட்ட உங்களிடம் தாள் இருக்காது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்குக் கிடைப்பது 30 வேலை நாட்கள். அதற்குள் நான்கு பருவங்களை எங்கே போய்ப் பிடிப்பது?

தாள் என்றதும் ஞாபகம் வருகிறது. நாங்கள் மூன்று ஆண்டுகள் வெயிலில் நின்று அளந்த தாள்களைச் சில ஆண்டுகளுக்கு முன் தேடிப் போனேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அலுமாரி இருந்தது, சாவி வைத்திருந்தவர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார். இரண்டாம் முறை போனபோது அலுமாரியும் இல்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். "கோப்பு கண்டுபிடிக்கப்படவில்லை" என்று முத்திரை குத்திய பதில் வந்தது.

இப்போது பிள்ளைகளை வைத்து மாதத்துக்கு ஒருமுறை பதினொரு கிணறுகளை அளக்கிறோம். முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று, பேனை அளவிலான உப்புமானி ஒன்று, இவ்வளவுதான் கருவி. ஆச்சி வீட்டு மூலைக் கிணறும் அதில் உண்டு. கொப்பி பாடசாலை நூலகத்தில், பூட்டில்லாத தட்டில் இருக்கிறது.