ஃபிளாஷ் போன பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கைபேசியில் இணையம் தழைத்ததற்கு, எவரும் பின்பற்றத்தக்க பொது விதிகளான திறந்த தரங்களே காரணம் என்றும், அசைவூட்டங்களை உலாவியில் ஓட்டிய ஃபிளாஷ் போன்ற தனியுடைமைச் செருகுநிரல்கள் (உலாவியோடு சேர்த்து நிறுவும் துணை மென்பொருள்கள்) ஒழிந்தது நல்லதே என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். 2004 முதல் ஏழெட்டு ஆண்டுகள் பள்ளிகளுக்கு ஃபிளாஷில் அசைவூட்டப் பாடங்கள் செய்து கொடுத்துப் பிழைத்தவன். நிரல் எழுதத் தெரியாத ஓவியன் ஒருவன் தனியாக உட்கார்ந்து, படமும் ஒலியும் விளையாட்டும் கலந்த ஒரு பாடத்தை ஒரே வாரத்தில் முடித்துத் தர அந்தக் கருவி இடம் கொடுத்தது. அதற்கு ஈடாக உங்கள் திறந்த தரங்கள் அன்று என்ன கொடுத்தன? ஐபோனில் ஃபிளாஷை ஆப்பிள் மறுத்தது தன் செயலிக் கடையைக் காத்துக்கொள்ளத்தான். இணையத்தின் மீதுள்ள அக்கறையால் அல்ல. இன்று என் பேத்தியின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்தக்கூட ஒரு செயலியை நிறுவச் சொல்கிறார்கள். அன்று ஒரு செருகுநிரல் போதுமாக இருந்தது. இன்று இருபது செயலிகள். அப்படியானால் வென்றது எது?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தொழிலைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது முழுவதும் உண்மை. அதைச் சொல்லாமல் விட்டது என் கட்டுரையின் பிழை. டைம்லைன் என்ற காலக்கோட்டில் இரண்டு கீஃபிரேம்களை, அதாவது தொடக்கப் படத்தையும் முடிவுப் படத்தையும், வைத்துவிட்டு இடையிலுள்ள அசைவைக் கருவியே நிரப்பிக்கொள்ளும்படி விட்டுவிடும் அந்த வசதிக்கு இணையான எதையும் திறந்த தரங்களின் தரப்பிலிருந்து 2010இல் யாரும் ஓர் ஓவியரின் கையில் கொடுக்கவில்லை. இணையப் பக்கங்களுக்கான புதிய திறந்த தரமான எச்டிஎம்எல்5 அன்று வரைவு நிலையில்தான் இருந்தது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை முறையான பரிந்துரையாக வெளியிட்டது 2014 அக்டோபரில். பழைய கருவிக்கு மதிப்புப் போய், புதிய கருவி வந்து சேராத அந்த நாலைந்து ஆண்டுகளில் நிரலாளர்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டார்கள். உங்களைப் போன்ற ஓவியர்கள்தான் வேறு வேலை தேடிப் போனார்கள்.

தமிழில் ஃபிளாஷ் அவ்வளவு பரவியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை நீங்கள் எழுதாதது எனக்கு வியப்பு. எந்தத் தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தாலும், அதன் வடிவத்தைக் கோட்டோவியமாகக் கோப்புக்குள்ளேயே பொதிந்துவிட முடிந்தது. பார்ப்பவரின் கணினியில் அந்த எழுத்துரு இருக்க வேண்டிய தேவையே இல்லை. கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் பிரிந்து நிற்கும் அவலம் ஃபிளாஷில் கிடையாது. ஆனால் அதே பாடத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியிருந்தால், ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த ஒரு குப்பைதான் வந்து விழுந்திருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது உள்ளே தமிழாக இல்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

ஆப்பிளின் நோக்கத்தைப் பற்றி உங்களோடு எனக்கு வழக்கு இல்லை. 2007இல் ஐபோன் வந்தபோது வெளியாரின் செயலிகளுக்கு இடமே இல்லை. இணையப் பக்கங்களாகவே எழுதித் தாருங்கள் என்றுதான் நிரலாளர்களிடம் சொன்னார்கள். 2008 ஜூலையில் செயலிக் கடை திறந்தது. 2010 ஏப்ரல் 29 அன்று ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஃபிளாஷை மறுத்து எழுதிய பகிரங்கக் கடிதத்தில் இணையத்தின் தரங்கள் திறந்தவையாக இருக்க வேண்டும் என்றார். அதே கடிதத்தில் அவர் மெச்சிய எச்.264 காணொளி வடிவமோ காப்புரிமைகளால் கட்டுண்டது. ஐபோனில் எந்த உலாவியை நிறுவினாலும் அடியில் ஓடி, பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டுவது ஆப்பிளின் வெப்கிட் இயந்திரமாகவே இருக்க வேண்டும் என்ற விதியை, ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குப் பணிந்து 2024 மார்ச்சில் அங்கே மட்டும் தளர்த்தினார்கள். திறந்த தரத்தின் காவலர் என்று அவர்களுக்கு மாலை போட என்னாலும் முடியாது.

ஆனால் ஃபிளாஷை ஆப்பிள் கொன்றது என்பதை நான் ஏற்கவில்லை. ஆப்பிளின் சொல் செல்லுபடியாகாத ஆண்ட்ராய்டில் ஃபிளாஷுக்கு வாசல் திறந்தே இருந்தது. 2010 ஜூனில் ஆண்ட்ராய்டு 2.2க்காக ஃபிளாஷ் பிளேயர் 10.1 வந்தது, 2011 நவம்பரில், ஒன்றரை ஆண்டுகூட ஆகாத நிலையில், கைபேசி உலாவிகளுக்கு இனி ஃபிளாஷை மேம்படுத்தப்போவதில்லை என்று அதன் உரிமையாளரான அடோபி நிறுவனமே அறிவித்தது, 2012 ஆகஸ்ட் 15க்குப் பிறகு புதிதாக நிறுவவும் வழியில்லாமல் போனது. காரணங்கள் எளியவை. சுட்டியை மேலே கொண்டுபோனால் விரியும் பட்டியல்களை விரலால் விரிக்க முடியாது, ஏனென்றால் விரல் ‘மேலே நிற்பது’ என்ற ஒன்றே கைபேசிக்குத் தெரியாது. மின்கலம் வேகமாகத் தீர்ந்தது. எல்லாவற்றையும்விட, புதிதாக வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஏற்றபடி அதை மாற்றித் தர உலகில் ஒரே ஒரு நிறுவனத்தால்தான் முடியும், அந்த நிறுவனத்துக்கோ மூச்சு வாங்கியது.

அந்த அறிவிப்புக்கு அடுத்த மாதம்தான் ‘தானே’ என்ற புயல் வந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை; புதுச்சேரியில் எங்களுக்குப் பட்டது ஒரு பங்கு என்றால் கடலூரில் உங்களுக்குப் பட்டது பல பங்கு. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் இலாசுப்பேட்டையில் ஜெனரேட்டர் ஓடிய ஒரு கடையில் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, வானிலைப் படம் காட்டும் தளம் ஒன்றைத் திறந்தேன். தளத்தின் பட்டியல் முழுவதும் ஃபிளாஷில் செய்யப்பட்டிருந்தது. செருகுநிரலை நிறுவுங்கள் என்ற வாசகத்தோடு ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்தது. என் கைபேசிக்கு அப்படி ஒன்று செய்யப்படவே இல்லை. வீட்டிலிருந்த கணினியில் அது அழகாகத் தெரிந்திருக்கும். ஆனால் வீட்டில் மின்சாரம் இல்லை.

இதைவிட முக்கியமான சாட்சி நம் எழுத்துருக்களின் கதை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுச்சேரியின் பிரவுசிங் சென்டர்களில் ஒவ்வொரு தமிழ் இதழுக்கும் ஒவ்வோர் எழுத்துருவை நிறுவிக்கொண்டு படித்தோம். நிறுவாமலே படிக்க வசதியாகச் சில தளங்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பின. அவற்றில் மைக்ரோசாஃப்டின் வடிவம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் வேலை செய்தது, நெட்ஸ்கேப்புக்கு வேறொன்று வேண்டியிருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களை (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறைகளை) பரிந்துரைத்தது. டிஸ்கி என்ற இன்னொன்று வேறு புழக்கத்தில் இருந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுக் குறியாக்கமான ஒருங்குறியை (யூனிகோடை) தமிழ்நாட்டு அரசு அரசாணையாக ஏற்றது கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி 2010 ஜூனில்தான். ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே, அதாவது 1991இலேயே, தமிழ் இடம்பெற்றுவிட்டது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

கைபேசி வந்ததும், எழுத்துருவை நிறுவிக்கொள்ளும் அந்த வித்தை அங்கே பலிக்கவில்லை. ஒருங்குறியில் இருந்த பக்கங்களும் முதலில் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தன. அப்போது கைகொடுத்தது ஓபெரா மினி என்ற கைபேசி உலாவி. முகவரிப் பட்டையில் ‘ஓபெரா:கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் விருப்பத்தை ‘யெஸ்’ என்று மாற்றினால், அதைச் செய்த நிறுவனத்தின் வழங்கியே (சர்வர்) தமிழைப் படமாக்கி அனுப்பிவிடும். இந்தக் குறிப்பைத் தமிழ் வலைப்பதிவர்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டார்கள். நானும் நண்பர்களின் கைபேசிகளை வாங்கி மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஓபெரா மினி திறந்த மென்பொருள் அல்ல. படிக்கும் ஒவ்வொரு பக்கமும் ஒரு நிறுவனத்தின் வழங்கி வழியாகப் போய் வந்தது. இருந்தும் அதன் மீது எனக்கு நன்றியே உண்டு.

ஏனென்றால் மூடியிருந்தது கருவி மட்டுமே. அடியில் இருந்த பக்கம் ஒருங்குறியில், எல்லோருக்கும் பொதுவாக, அப்படியே இருந்தது. கைபேசிகள் தமிழைத் தாமே காட்டத் தொடங்கியதும் அந்தக் கருவியை நாங்கள் கைவிட்டோம். பக்கத்துக்கு ஒன்றும் நேரவில்லை. தனி எழுத்துருவில் ஏற்றப்பட்டு மாற்றப்படாமல் போன பழைய இதழ்களை இன்று எந்தக் கைபேசியில் திறந்தாலும் குப்பைதான். கருவி மூடியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு நான் கட்டுரை எழுதிவிட்டேன். உள்ளே இருக்கும் பொருள் மூடியிருக்கிறதா, அதைத் திறக்க இரண்டாவது ஒருவரால் கருவி செய்ய முடியுமா என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்விக்குத் திறந்த தரங்களும் தப்புவதில்லை. ஃபயர்ஃபாக்ஸைச் செய்யும் மொசில்லா, காப்புரிமையை முன்னிட்டு எச்.264ஐ நீண்ட நாள் மறுத்துவிட்டு 2012இல் இறங்கிவந்தது. 2013இல் சிஸ்கோ நிறுவனம் உரிமத் தொகையைத் தானே ஏற்றுக்கொண்டு அந்த வடிவத்தை ஓட்டும் ஒரு மென்பொருள் கூறினை வழங்க முன்வந்த பிறகுதான் ஓரளவு மூச்சு விட முடிந்தது. திரைப்படங்களை நகலெடுக்கவிடாத பூட்டை உலாவிக்குள் இணைக்கும் வழியை 2017இல் டபிள்யூ3சியே பரிந்துரையாக்கியது. அதை எதிர்த்து இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அந்த அமைப்பிலிருந்து வெளியேறியது. தரம் திறந்தது, அதற்குள் தொங்கும் பூட்டு தனியுடைமை.

பள்ளிக் கட்டணச் செயலிக்கு வருகிறேன். அதைச் செருகுநிரலோடு ஒப்பிட்டது சரி, ஆனால் செயலி அதைவிட மோசம் என்றே நினைக்கிறேன். செருகுநிரல் ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு பெட்டியைத்தான் பிடித்துக்கொண்டது. சுற்றியுள்ள பக்கத்துக்கு முகவரி இருந்தது, அதை ஒருவருக்கு அனுப்ப முடிந்தது. தொகையை எழுதி அனுப்பு என்ற பொத்தானை அழுத்துவதற்கு மேல் எதுவும் வேண்டாத ஒரு வேலைக்கு இணையப் பக்கமே தாராளம். கேமராவும் இருப்பிடமும் தேவைப்படும் வேலைகளுக்குக்கூட இன்று உலாவி பெரும்பாலும் போதும். செயலிதான் வேண்டும் என்பது அந்தப் பள்ளியோ அதற்கு மென்பொருள் விற்றவரோ எடுத்த முடிவு; அதைத் தரங்களின் தோல்வி என்று எழுதுவது நியாயமில்லை. பக்கம் வழியாகவும் கட்டும் வசதி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பெற்றோர் நாலைந்து பேர் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

உங்கள் பாடங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயர் தானாகவே எதையும் ஓட்ட மறுத்தது. ஆனால் அந்தக் கோப்பு வடிவத்தின் விவரக்குறிப்பின் மீதிருந்த கட்டுப்பாடுகளை அடோபி 2008இலேயே நீக்கியிருந்தது. இன்று தன்னார்வலர்கள் ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதிவரும் ‘ரஃபிள்’ என்ற இயக்கி, எந்தச் செருகுநிரலும் இல்லாமல், கைபேசி உலாவியிலும் பழைய ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டிக் காட்டுகிறது. இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரிலிருந்து அதைத்தான் பயன்படுத்துகிறது. குறுந்தகடுகள் உங்களிடம் இருந்தால், அவற்றிலுள்ள ஓடும் வடிவமான எஸ்டபிள்யூஎஃப் கோப்புகளை முதலில் வேறு வட்டில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்; கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் குறுந்தகடுகளை நம்ப முடியாது. எஃப்எல்ஏ மூலக்கோப்புகள் கிடைத்தால் அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் (ஃபிளாஷின் நிரல்மொழி) 2ஆம் பதிப்பு வரையிலான பாடங்கள் பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே ஓடிவிடும். 3 என்றால் சிலவற்றில் பொத்தான்கள் தகராறு செய்யக்கூடும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். கடலூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம்தானே, குறுந்தகடுகளை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து